கையை விட்டால் கிளம்பும் வண்டி

பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுத்தரும் தொழிலில், வண்டிக்கு இருப்பது இரண்டு பிரேக், மூன்றாவது நான்தான். வீட்டில் யாருக்காவது வண்டி கற்றுக்கொடுத்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டவர்களுக்கு என் பாடு புரியும்.

இழுபறி

கீழ்பென்னாத்தூர் சரோஜா அக்கா பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். முதல் நாள் களத்துமேட்டில் வண்டியில் ஏற்றி, பின்கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஆக்ஸிலேட்டரை லேசாக முறுக்கினார். பயத்தில் நான் பின்னால் இழுத்தேன். வண்டி நகரவில்லை. இன்னும் கொஞ்சம் முறுக்கினார். நானும் இன்னும் கொஞ்சம் இழுத்தேன். இஞ்சின் உறுமுகிறது, வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

என் செருப்பு வார் அறுந்தது, கை நழுவியது. அவ்வளவுதான், வண்டி சீறிப் பாய்ந்து கடலை ஆய்ந்துவிட்டுக் குவித்திருந்த மல்லாட்டைக் கொடிப் போருக்குள் புகுந்துவிட்டது. பதறி ஓடினேன். அடி ஒன்றும் இல்லை. தலையிலிருந்த கொடியை எடுத்துப் போட்டபடி அக்கா கேட்டார்: "இவ்ளோ நேரம் வண்டிதான் ரிப்பேர்னு நெனச்சேன். நீதானா அது?"

கனம்

திலகாவுக்கு ரமணாசிரமம் பக்கம் ஒரு காபி கடையில் வேலை. நான்கு நாள் நான் பின்னால் உட்கார்ந்து ஓட்டச் சொன்னேன். அழகாக ஓட்டினாள். ஐந்தாம் நாள், "இனி தனியா போ" என்று பெருமையாக இறங்கிக்கொண்டேன்.

வழக்கம்போலத்தான் முறுக்கினாள். வண்டி அம்பாகப் பறந்தது. காலி மனையில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்த மாடு எழுந்து ஒதுங்கி நின்றது. எப்படியோ பிரேக் பிடித்துவிட்டாள். மூச்சிரைக்கப் போய், "ஏன்டி இப்படி முறுக்கினே?" என்று திட்டினேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நேத்தும் இதே அளவுதான் முறுக்கினேன்க்கா. வண்டி மேல தப்பில்ல, நீங்கதான் கொஞ்சம் ஜாஸ்தி."

மேம்பாலம்

தையல் வேலை செய்யும் மும்தாஜின் மகளுக்கு ரயில்வே மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் டியூஷன். "நீ பாலம் ஏறிடுவியா?" என்று மும்தாஜின் கணவர் சிரித்திருக்கிறார். அந்த ரோஷத்தில் ஒரு சாயங்காலம் மகளைக் கூட்டிவர மும்தாஜே வண்டியில் கிளம்பிவிட்டாள். நான் என் வண்டியில் பின்தொடர்ந்தேன்.

பாதி ஏற்றத்தில் முன்னால் போன பஸ் நின்றது. இவளும் நின்றாள். பஸ் கிளம்பியதும் பிரேக்கை விட்டாள், முறுக்க மறந்துவிட்டாள். வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கியது. பின்னால் ஒரு ஆட்டோ. "பிரேக்கு, பிரேக்கு!" என்று கத்தினேன். ஒரு சாண் இடைவெளியில் நின்றாள். "எறங்கித் தள்ளிக்கிட்டுப் போயிடறேன்க்கா" என்றாள், கண்ணில் தண்ணீரோடு.

"வேணாம். பிரேக்கை விடாமலே மெதுவா முறுக்கு. வண்டி முன்னால முட்டும் பாரு, அப்ப பிரேக்கை விடு" என்றேன். முறுக்கினாள், விட்டாள், ஏறினாள். பாலத்து உச்சியில் திரும்பிப் பார்த்துச் சிரிக்க வேறு செய்தாள்! இன்றுவரை மகளைக் கூட்டிவருவது அவள்தான்.

அன்று என் பக்கத்தில் வந்து நின்ற ஆட்டோக்காரர் மட்டும் நிதானமாகச் சொன்னார்: "முன்னாடி போறவங்களுக்கு வழி விடலாம்மா. பின்னாடி உருண்டு வர்றவங்களுக்கு எப்டிம்மா வழி விடறது?"

இந்த ஊரில் எத்தனையோ பெண்களை ரோட்டில் ஏற்றிவிட்டேன்; இப்போது ரோட்டைக் கடக்கத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.