வெட்டருவா அண்ணனைத் துரோகி ஆக்கிய ஞாயிற்றுக்கிழமை

ஈர யூனிஃபார்ம் வாசனை எங்காவது வந்தால் போதும்... சுங்குவார்சத்திரம் லேடீஸ் ஹாஸ்டலின் மொட்டைமாடி ஞாபகம் வந்துவிடும். கொடி முழுக்கக் கம்பெனிக் கோட்டு காயும். தண்ணி டேங்க் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்தால்தான் டவர் கிடைக்கும். என் பட்டன் போனில் ஒரு இன்டர்நெட் பக்கம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்து முடித்துவிடலாம்.

அந்தப் பக்கத்தில்தான் எங்கள் கோட்டை.

இன்டர்நெட்டில் ஆடும் ஒரு கோட்டை விளையாட்டு. அதை ஆடுகிற தமிழ்ப் பிள்ளைகள் கூடிப் பேச ஒரு வெப்சைட் வைத்திருந்தார்கள். எவன் கோட்டையை அடிப்பது, யார் தானியம் அனுப்புவது, எல்லாத் திட்டமும் அங்கேதான்.

அங்கே பெண் பேரில் போனால் அவ்வளவுதான். பாதிப் பேர் "ஃபேக் ஐடி" என்பார்கள், மீதிப் பேர் நம்பர் கேட்பார்கள். எனக்கு ரெண்டும் வேண்டாம். 'வெட்டருவா' என்று பேர் வைத்து, முறுக்கு மீசைப் படம் ஒன்றை ஒட்டி, லாரி டிரைவர் என்று சொல்லிவிட்டேன். வாராவாரம் ஷிஃப்ட் மாறுகிறவளுக்கு இதைவிட வசதியான பொய் கிடையாது. நேரங்கெட்ட நேரத்தில் போனாலும், "லோடு எறக்கியாச்சாண்ணே?" என்றுதான் கேட்பார்கள்.

எங்கள் தலைவன் பேர் சுண்டெலி. மகா சந்தேகப் பிராணி. எதிரிகள் நம் ஐடியில் புகுந்து வேவு பார்ப்பார்களாம். அதனால் பேச்சை ஆரம்பிக்கும் முன் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பான். "உப்பு கம்மி" என்று பதில் வந்தால் நம் ஆள். வேறு எது வந்தாலும் எதிரி.

எனக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடிக்கும். ஷிஃப்ட் முழுக்கக் கம்பெனி லைனில் நின்றாலும் சாப்பிட்டியா என்று ஒரு ஆள் கேட்டதில்லை.

ஹாஸ்டலில் மட்டும் சந்தேகத்துக்குக் குறைச்சலா? வார்டன் சரோஜா அக்கா மண்ணூர்க்காரர். போனும் கையுமாக எவள் மாடி ஏறினாலும் பின்னாலேயே செருப்புச் சத்தம் கேட்கும். முந்தின மாசம்தான் ஒருத்தி யாருடனோ போய்விட்டாள். அதிலிருந்து எங்கள் எல்லார் மேலும் அக்காவுக்கு ஒரு கண்.

ஒரு ஞாயிறு மத்தியானம். மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வந்தால், என் கட்டிலில் அக்கா. கையில் என் போன். யார் போட்டுக் கொடுத்தது என்று இன்றுவரை தெரியாது. பக்கத்துக் கட்டில் ஜெயந்தி மேல்தான் எனக்குச் சந்தேகம்...

"இன்னாடி இது?" என்று படித்துக் காட்டினார். சுண்டெலி அனுப்பியிருந்தது. 'ஏழு மணிக்குப் பின்வாசலத் தொறந்து வை. வண்டி வரும். யார்ட்டயும் சொல்லாத.'

எங்கள் ஹாஸ்டலுக்கும் ஒரு பின்வாசல் உண்டு.

"சத்தியமா வெளாட்டுக்கா... கோட்டைக்கு நெல்லு வண்டி வரும்க்கா..."

"யார் காதுல பூ சுத்துற? உங்கப்பா நம்பர் என்னாண்ட கீது. போடட்டா?"

அப்பா காதுக்கு இது போனால் போதும். அடுத்த பஸ்ஸிலேயே சங்கரன்கோவிலில் இருந்து வந்து, பெட்டியோடு என்னைக் கூட்டிப் போய்விடுவார். வேலை போச்சு, எல்லாம் போச்சு. அழுதே விட்டேன்.

"அழுவாத. அவனாண்டயே கேட்டுடலாம். நான் சொல்றத அப்பிடியே அடி. மாத்தி அடிச்ச... தொலச்சிடுவேன்."

அக்காவை மாடிக்குக் கூட்டிப்போய், தண்ணி டேங்க் ஓரமாக உட்கார்ந்து பக்கத்தைத் திறந்தேன். அக்கா சொன்னபடி, 'யாருப்பா அங்க?' என்று அடித்தேன். உடனே சுண்டெலி வந்தான். 'சாப்பிட்டாச்சா?'

'உப்பு கம்மி' என்று அடித்தால், இது என்னடி ரகசிய பாஷை என்று அக்கா நேரே அப்பாவுக்குப் போட்டுவிடுவார். அடிக்காவிட்டால் என் ஆட்கள் என்னைக் கைகழுவிவிடுவார்கள். அக்கா என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்டேன்னு போடு. நீ யாரு, எந்த ஊரு, இன்னா வேல பாக்கறன்னு கேளு."

அப்படியே அடித்தேன்.

அப்புறம் சுண்டெலி எல்லாருக்குமாக எழுதினான். 'இது வெட்டருவா அண்ணன் இல்ல. எவனோ எதிரி. பதிலும் தப்பு. லாரி ஓட்டுற அண்ணனுக்கு என் ஊரு தெரியாதா? பின்வாசல மூடுங்க. இந்த ஐடிய வெளிய தள்ளுங்க.'

அக்கா ரெண்டு தடவை படித்தார்.

"அண்ணனா? யாருடி அண்ணன்?"

"நாந்தாங்க்கா..." மீசைப் படத்தைக் காட்டினேன்.

"அட நாசமா போறவளே! இவனுங்க உன்ன லாரி டிரைவர்னு நெனச்சிகினு கீறானுங்களா!" டேங்க் குழாயைப் பிடித்துக்கொண்டு அப்படி ஒரு சிரிப்பு. அப்பாவுக்குப் போன் போகவில்லை. ஆனாலும் போனைத் திருப்பித் தரும்போது, "எதுக்கும் பின்கேட்டுக்கு வேற பூட்டு போட்டுடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

நான் பிழைத்தேன். வெட்டருவா பிழைக்கவில்லை. புது ஐடியில் போய், நான்தான் என்று கெஞ்சினேன். அதற்குள் பதில் வார்த்தையை மாற்றிவிட்டார்கள். பழைய வார்த்தையைச் சொன்னதும், எதிரியேதான், வெட்டருவாதான் எல்லாவற்றையும் விற்றுவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒருநாள் வெப்சைட்டே இல்லாமல் போனது. இப்போது அந்த முகவரியைத் திறந்தால் ரம்மி ஆடக் கூப்பிடுகிறது.

இருங்காட்டுக்கோட்டையில் வீடு, வீட்டுக்காரர், பள்ளிக்கூடம் போகும் மகள் என்று காலம் ஓடிவிட்டது. போன வாரம், பழைய கேம் பிரியர்கள் குரூப்பில் ஒருத்தர் எழுதியிருந்தார். 'நான்தான் சுண்டெலி. வெட்டருவான்னு ஒரு லாரி டிரைவர் எங்க கூட இருந்தாரு. கூடப் பொறந்த அண்ணன் மாதிரி. அவரே ஐடிய எதிரிக்கு வித்துட்டாரு. இன்னும் மனசு ஆறல.'

வார்டன் அக்கா கதையை ஒன்று விடாமல் கமெண்டில் எழுதினேன். எழுதும்போதே அழுதேன்.

உடனே பதில் வந்தது. 'கதை நல்லா இருக்கு மேடம். நீங்க எந்த எதிரிக் கோட்டை ஆளு?'

நீங்களே சொல்லுங்கள்... அன்று பேர் பொய், தொழில் பொய், மீசையும் பொய். அண்ணே அண்ணே என்று உயிரை விட்டான். இன்று என் சொந்தப் பேர், சொந்த முகம், மகளோடு எடுத்த படம் எல்லாம் போட்டிருக்கிறேன். நம்ப மாட்டேன் என்கிறான்.