வெடிக்காத துவக்கு

என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்த டேனிஷ் நண்பர் இறந்தபோது, போல்ட் இழுத்துச் சுடும் தன் பழைய துவக்கை எனக்கு விட்டுப் போனார். டென்மார்க்கின் கிரின்ஸ்டெட் ஊரில் எனக்கு மனம்விட்டுக் கதைக்க இருந்தவர் அவர் ஒருவர்தான். அவர் நினைவாக ஒருமுறை சுடலாமென்று சுடும் கழகத்துக்குக் கொண்டுபோனேன். ஒரு தோட்டாவும் வெடிக்கவில்லை. அவருக்கு என்மேல் ஏதும் மனக்குறையோ என்று கலங்கினேன்.

அங்கு வந்திருந்த ஒரு தமிழர் போல்ட்டைக் கழற்றி, உள்ளே வெள்ளையாய் உறைந்திருந்ததைக் காட்டினார்.

"அண்ணை, துவக்கைத் தாளிச்சனீங்களோ?"

"ஆயுதபூசைக்குத் தேங்காய் எண்ணெய் பூசினனான்."

"அது குளிருக்கு உறைஞ்சு ஊசியைப் பிடிச்சிட்டுது. பிறகெப்பிடித் தோட்டாவில அடி விழும்?"

துடைத்துப் பூட்டியதும் வெடித்தது. நண்பருக்கு என்மேல் கோபமில்லை என்று மனம் ஆறியது. அதைச் சொல்ல வீட்டில் ஆளில்லை. விளக்கேற்றி முருகனிடம் சொன்னேன்.