மாப்ளே, தூக்குங்க

நம்புகிறவர்கள் நம்பட்டும். நான் உளறுகிறேன் என்று நினைக்கிறவர்கள் அந்த மிஷினில் ஒரு சாயங்காலம் தனியாக உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து பேசட்டும். கண்ணால் பார்த்ததை, காதால் கேட்டதை மட்டும் சொல்கிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை.

எங்களுடையது சின்னத் தொழில். ஒரே ஒரு பொக்லைன், அதுவும் பழையது. முதலாளி நான். ஓட்டுகிறவர் என் மச்சான், என் மனைவிக்கு ஒரே அண்ணன். "எங்க அண்ணனை முழுசாத் திருப்பிக் கூட்டிட்டு வாங்க" என்று தினமும் காலையில் சொல்லித்தான் அனுப்புவாள். விளையாட்டுக்குச் சொல்வதில்லை. மிஷின் ஓட்டுகிறவர்கள் வீட்டில் யாரும் அதை விளையாட்டாகச் சொல்ல மாட்டார்கள்.

மிஷினை விற்றவனுக்கு நாங்கள் வைத்த பெயர் தேன்வாய். "கண்ண மூடிட்டு ஓட்டலாம்" என்றான். வாங்கிய மறுநாளே ஹோஸ் வெடித்து ஆயில் மூஞ்சியில் அடித்தது. உண்மையிலேயே கண்ணை மூட வேண்டியதாயிற்று. ஸ்டார்ட்டர் போனது. பம்ப் போனது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று மக்கர் பண்ணும். சண்டைக்குப் போனேன். அவன் சிரித்தான்.

"மிஷினை வித்தாச்சு. தலைவலியையும் சேர்த்துத்தான் வித்தேன்."

எனக்கு ரத்தம் கொதித்தது. "நீ நல்ல சாவு சாக மாட்டே" என்று அவன் வாசலில் நின்றே சொல்லிவிட்டு வந்தேன். அவன் மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

ரிப்பேரைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இன்னொன்று இருந்தது... வேலை முடிந்ததும் மண் அள்ளுகிற பக்கெட்டைத் தரையில் வைத்துவிட்டுத்தான் இன்ஜினை அணைப்போம். எல்லோரும் அப்படித்தான். அந்தரத்தில் விட்டுவிட்டுப் போனால் அது மெதுவாகக் கீழே இறங்கிவிடும். ஆனால் தரையில் வைத்த பக்கெட் தானாக ஏறாது. ஏற வழியே இல்லை.

எங்களுடையது ஏறியது.

காலையில் போய்ப் பார்த்தால் தரைக்கும் பக்கெட்டுக்கும் நடுவில் இடைவெளி. முதலில் ஒரு விரல் அளவு. அப்புறம் நாலு விரல். அடியில், மண்ணில் கீறல்கள். மச்சான் நாய் என்றார். நானும் நாய் என்றே வைத்துக்கொண்டேன். ஆனால் அதன்பிறகு, பக்கெட்டுக்கு அடியில் போய் வேலை பார்க்க வேண்டுமென்றால் அவர் ஒன்றுக்கு இரண்டு கட்டை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போவார்.

அன்று மதியம் அவர் போன் செய்தார். "பக்கெட் பக்கம் ஹோஸ் கசியுது மாப்ளே. புதுசு வாங்கிட்டு வாங்க. இன்ஜினும் ஸ்டார்ட் ஆகல."

வாங்கிக்கொண்டு நான் சைட்டுக்குப் போனபோது மணி ஆறு முப்பத்திரண்டு. அஸ்திவாரம் தோண்டுகிற இடம். ஆட்கள் போய்விட்டார்கள். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. பள்ளத்தின் ஓரத்தில் மிஷின் நின்றது. பக்கெட் தரையில்.

மச்சானைக் காணவில்லை.

கூப்பிட வாயெடுத்தேன். கேபினிலிருந்து ஒரு குரல்...

"முட்டெல்லாம் எதுக்கு... ரெண்டு நிமிஷ வேலைதானே. உள்ள போங்க."

தேன்வாய். அந்த இழுவை எனக்கு மனப்பாடம். என் மிஷினில் ஏறிக்கொண்டு, என் மச்சானை முட்டில்லாமல் அடியில் போகச் சொல்கிறானா? ஹோஸைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அடிக்கத்தான் ஓடினேன்.

கேபினில் யாரும் இல்லை.

சீட் மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல.

அப்போது கேட்டது.

கரக்... கரக்...

பக்கெட்டுக்கு அடியில்.

"மாப்ளே... தூக்குங்க..."

என்னை மாப்ளே என்று கூப்பிடுகிறவர் ஒருவர்தான். வீட்டில் இருக்கிறவளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்...

"இருங்க மச்சான்... இதோ தூக்கிடறேன்."

தாவி ஏறினேன். சாவி அதிலேயே இருந்தது. பத்துத் தடவை திருப்பினால்தான் முனகுகிற இன்ஜின், ஒரே திருப்பில் பிடித்தது.

லிவரை இழுத்தேன்.

பக்கெட் ஏறியது. ஒரு சாண்... ஒரு முழம்...

கரக் சத்தம் நின்றது.

அடியில் யாரும் இல்லை.

ஈர மண்ணில் ஒரு பள்ளம். ஒரு மனிதனின் நெஞ்சும் இரண்டு கைகளும் பதிந்த பள்ளம்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே...

அதன் பக்கத்தில் ஒரு கால்தடம் விழுந்தது.

இன்னொன்று.

என் பக்கம் வரவில்லை.

ரோட்டுப் பக்கம் போனது.

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. பைக் வெளிச்சம் முகத்தில் அடித்தது. மச்சான். முழுசாக. நான் இறங்கிப் போய் அவரைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. ஓடிக்கொண்டிருந்த இன்ஜினைப் பார்த்தார். அவர் வண்டியில், இரண்டு காலுக்கும் நடுவில், மிஷினின் பேட்டரி.

"சார்ஜ் போடக் கழட்டிட்டுப் போயிருந்தேன்... இது எப்படி மாப்ளே ஓடுது?"

போனைப் பார்த்தேன். ஆறு நாற்பத்தொன்று.

மறுநாள் காலையில் தேன்வாய் செத்துப்போனான் என்று செய்தி வந்தது. போனேன். துக்கம் விசாரிக்க அல்ல, அவன் கிடப்பதைப் பார்க்க. அவன் மனைவி என்னைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"விலா எலும்பு எல்லாம் நொறுங்கிருக்காம். மேல என்ன விழுந்துச்சுன்னு டாக்டர் கேட்டாரு. ஒண்ணும் விழல. கட்டில்லதான் படுத்திருந்தாரு."

அவளே தொடர்ந்தாள்.

"நீங்க வாங்கின அந்த மிஷின்ல முன்னாடி எங்க அண்ணன்தான் மெக்கானிக். முட்டு வைக்க விடாம இவருதான் உள்ள போகச் சொல்லிருக்காரு. பக்கெட் இறங்கிடுச்சு. அண்ணன் அடியில கிடந்து கூப்பிட்டிருக்காரு. ஒரு லிவரை இழுத்தாப் போதும்... இவரு பயந்து எறங்கி ஓடிட்டாரு. அண்ணன் செத்ததுக்கு எங்கிட்ட வேற கதை சொல்லிருந்தாரு. நேத்துதான் உண்மையைச் சொன்னாரு."

"நேத்து எப்போ?"

"ஆறே முக்கால் இருக்கும். திடீர்னு எழுந்து உக்காந்து, வாசல் பக்கம் பார்த்துக் கும்பிட்டுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னாரு. வாசல்ல யாரும் இல்ல."

"உங்க அண்ணன் இவரை எப்படிக் கூப்பிடுவாரு?"

"மாப்ளேன்னுதான்."

அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எனக்கும் பாவம் என்று தோன்றவில்லை. தோன்றியது என்று பொய் சொல்ல மாட்டேன்.

"கடைசியா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு" என்று என் முகத்தையே பார்த்தபடி சொன்னாள்.

"'மச்சான்... உங்களை யாரு தூக்கிவிட்டது?'ன்னு."