சித்தப்பா இன்னும் வானத்தில்

என் மகள் சிகாகோவில் இறங்கிவிட்டாள். செய்தியும் வந்துவிட்டது. கைப்பேசி வரைபடத்தில் ஊர்ந்துகொண்டிருந்த அவளுடைய விமானம் கடல்மேல் திடீரெனக் காணாமல் போய், வெகுநேரம் கழித்துத்தான் மறுபடி தென்பட்டது. இறங்கிவிட்டேன் என்று அவள் செய்தி அனுப்பும்வரை தஞ்சாவூரில் எங்கள் வீட்டில் யாரையும் நான் துடைப்பத்தைத் தொட விடவில்லை. பயணம் போனவர் ஊர் சேரும்வரை வீட்டைப் பெருக்கக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது சித்தப்பா நியூயார்க்குக்கு வேலைக்குப் போனார். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. சித்தி திருவையாற்றுக்குப் பக்கத்தில் எங்களோடுதான் இருந்தாள். சம்பா அறுவடை முடிந்த சமயம். கூடம் முழுக்க வைக்கோல் தூசி. அம்மாவுக்குக் கை பரபரத்தது. விமானச் சீட்டைப் பார்த்திருந்த அப்பா தீர்ப்புச் சொன்னார்: "விடியக்காலம் கிளம்புறான், அன்னிக்கே சாயங்காலம் அஞ்சுக்கு எறங்கிடுறான். பஸ்ல மெட்ராஸ் போற நேரத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்."

ஐந்து அடித்ததும் அம்மா வீட்டைப் பெருக்கி, குப்பையைக் கொல்லையில் கொட்டிவிட்டு விளக்கேற்றினாள்.

தொலைபேசி இருந்த எதிர்வீட்டிலிருந்து அழைப்பு வரவில்லை. சித்தி என் அட்லஸை வாங்கி, நூலை வைத்து அளந்தாள். முகம் வெளுத்தது.

"அக்கா, பதிமூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொறையாது. நடுவுல வேற ப்ளேன் மாறணும். நாளைக்குக் காலையிலதான் போய்ச் சேருவாங்க. சீட்டுல போட்டிருக்கிறது அந்த ஊர் மணி!"

"ஊருக்கு ஒரு மணியா?" அப்பா சுவர்க்கடிகாரத்தைச் சந்தேகமாகப் பார்த்தார்.

சித்தி அதற்குள் கொல்லைக்கு ஓடி, கொட்டிய குப்பையை முறத்தில் அள்ளிவந்து, கூடத்தில் மூலைமுடுக்கு விடாமல் தூவிக்கொண்டிருந்தாள்.

"பி.எஸ்ஸி. படிச்சவ பண்ற வேலையாடி இது?" என்றாள் அம்மா.

"படிச்சதாலதானேக்கா, அவங்க இன்னும் வானத்துல இருக்காங்கன்னு தெரிஞ்சுது?"

சிரிக்கப் போன அம்மா நிறுத்திக்கொண்டாள். முறத்திலிருந்து தானும் ஒரு பிடி அள்ளி, கதவோரம் போட்டாள்.

மறுநாள் காலை எதிர்வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். ஓடிப்போய்ப் பேசிவிட்டு வந்த சித்தி, "போய்ச் சேந்துட்டாங்களாம். ஒரே குளிராம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நேரே தலைக்குக் குளிக்கப் போனாள். உள்ளே தண்ணீர்ச் சத்தம் வெகுநேரம் கேட்டது. வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன.

"சீயக்காய் பட்டுடுச்சுடி."

"கண்ணை மூடிக்கிட்டுத் தேய்க்கணும் சித்தி" என்று நான் விவரம் சொன்னேன்.

அவள் என்னைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். இப்படிச் சிரிப்பவளுக்கு எதற்காக மறுபடி கண் நிறைகிறது என்று எனக்கு விளங்கவில்லை. அந்தச் சீயக்காய்தான் பொல்லாதது என்று நினைத்துக்கொண்டேன்.