உச்சி இல்லாத மலைகள்: லாங்இயர்பியனில் மூன்று நாள்

செப்டம்பர் முதல் வாரத்தில், வடதுருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்ட் தீவுகளின் முக்கிய ஊரான லாங்இயர்பியனுக்குப் போய்வந்தேன். எழுபத்திரண்டு வயதில் இது எதற்கு என்று நாகர்கோவிலில் கேட்காதவர் இல்லை. ஒரு கடிதத்துக்காகப் போனேன்.

என் கணவர் நிலக்கரி ஏற்றும் கப்பலில் இன்ஜினியர். கல்யாணமான புதிதில் அங்கிருந்து எழுதினார்: "இங்கே மலைகளுக்கு உச்சி கிடையாது. வாளால் அறுத்ததுபோல் தட்டையாக இருக்கின்றன." கீழே படமும் போட்டிருந்தார். கான்வென்டில் படித்த எனக்குப் பிழையைக் கண்டால் கை நிற்காது. எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தி, மலைகளுக்கும் கூராக உச்சி வரைந்து, அடுத்த துறைமுகத்துக்குத் திருப்பி அனுப்பினேன். அதன் பிறகு அவர் எனக்கு ஒரு படமும் வரையவில்லை. போன வருடம் அவர் இறந்தபின், அந்தக் கடிதம் அவருடைய சான்றிதழ்க் கோப்பில் கிடைத்தது.

இணையத்தில் பார்த்தால் போதாதா என்பீர்கள். பார்த்தேன். படங்களிலும் தட்டைதான். வேறு பக்கமிருந்து எடுத்தால் உச்சி தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் திருத்தியது சரியா, தப்பா? நேரில் போனால்தான் தெரியும்.

துணைக்கு வந்தவள் என் கணவரின் தங்கை ஸ்டெல்லா. நாகர்கோவில் வடசேரியிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் கார். களியக்காவிளை நெரிசலில் நின்றபோது டிரைவர் கேட்டார், "அங்க பாக்க என்ன உண்டும் அம்மா?"

"மலை."

"மலைக்கா இவ்வளவு தூரம்? மருந்துவாழ்மலைக்குன்னா நான் முன்னூறு ரூவாய்க்குக் கொண்டு விட்டிருப்பேனே!"

ஸ்டெல்லா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. தோஹா, ஓஸ்லோ வழியாகப் போய்ச் சேர, காத்திருப்பையும் சேர்த்து முப்பத்தொரு மணி நேரம். கடைசி விமானம் மட்டும் மூன்று மணி நேரம்.

முதல் நாள் மேகம் ஒரே மட்டத்தில் எல்லா மலைகளையும் மூடியிருந்தது. மரமே இல்லாத கறுப்புச் சரிவுகள் பாதியில் நின்றன.

"பாத்தியா ஸ்டெல்லா, மேகம்தான் அறுத்திருக்கு. ஒங்க அண்ணன் பாத்ததும் இதத்தான்."

"செத்த மனுசன்கிட்டயும் ஜெயிக்கணுமா மைனி ஒங்களுக்கு?"



இரண்டாம் நாளும் மேகம். பனிக்கரடி பயத்தால், துப்பாக்கி வைத்திருக்கும் வழிகாட்டி இல்லாமல் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. எங்களை வேனில் கூட்டிப்போன பெண் விளக்கினாள்: பாறை அடுக்குகள் கிடையாகப் படிந்த ஒரே மேட்டுநிலம் இது. பனியாறுகள் நடுவே அரித்துப் பள்ளத்தாக்குகளாக்கிவிட்டன. மிச்சம் நிற்பவைதான் இந்த மலைகள். மேகத்துக்கு மேலே உச்சி இருக்குமா என்று கேட்டேன். "நாளை பாருங்கள்" என்றாள்.

மூன்றாம் நாள் பிற்பகல் விமானம். காலை பத்து இருபதுக்கு மேகம் விலகியது. பள்ளத்தாக்கின் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில், மேசைப் பலகைபோல் தட்டை. தெருவில் இங்கும் அங்கும் நடந்து வேறு வேறு கோணத்தில் பார்த்தேன். என் எதிரே நின்ற எதற்கும் உச்சி இல்லை.

"கடிதாச எடுங்க மைனி" என்றாள் ஸ்டெல்லா.

எடுத்து மலைக்கு நேராகப் பிடித்தேன். நான் போட்ட சிவப்பு உச்சிகளைக் கட்டைவிரலால் மறைத்ததும், அவர் போட்ட கோடு மலையின் கோட்டோடு பொருந்தியது.

"அண்ணன் ஒருக்க எங்கிட்ட சொன்னாவ. ‘ஒன் மைனிக்குப் படம் போட்டு அனுப்புனா மார்க்கு போட்டுத் திருப்பி அனுப்புவா’ன்னு."

"சிரிச்சிக்கிட்டா சொன்னாரு?"

அவள் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்தாள். மறுபடி கேட்க எனக்குத் துணிவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஐரோப்பிய நாடுகளின் பொது விசாப் பகுதியான ஷெங்கன் எல்லைக்குள் ஸ்வால்பார்ட் வராது. ஓஸ்லோவுக்குத் திரும்பி வர, இரண்டு முறை நுழைய அனுமதிக்கும் விசா வேண்டும். விடுதி வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்வார்கள், நல்ல கம்பளிக் காலுறை கொண்டுபோங்கள். குறைந்தது மூன்று நாளாவது தங்குங்கள். முதல் நாளோடு கிளம்பியிருந்தால் நான் ஜெயித்ததாகவே திரும்பியிருப்பேன்.

ஓஸ்லோ விமான நிலையக் கடையில் ஒரு ரப்பர் வாங்கினேன். சிவப்பு மை அழியவில்லை. காகிதம்தான் கிழியப் பார்த்தது.