அஞ்சம்மாள் பிரிக்கச் சொன்ன சீட்டுகள்

அஞ்சம்மாளுக்கு வாய் ஜாஸ்தி என்று முதுநகர் மீன் மார்க்கெட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பள்ளிக்கூடத்திலாவது அதை மூடி வைத்திருக்கலாம் என்று அவள் வீட்டுக்காரன் சக்கரபாணி இன்னமும் புலம்புகிறான். புலம்பட்டும்.

பக்கத்துத் தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கென்று அரசாங்கமே ஃபீஸ் கட்டும் இடங்கள் கொஞ்சம் உண்டு. மகள் பூஜாவை அதில் எப்படியாவது சேர்த்துவிட வேண்டுமென்று, வியாபாரத்தை விட்டுவிட்டு தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்திருந்தாள் அஞ்சம்மாள். கேட்டவர்கள் அதிகம் என்பதால் பள்ளியிலேயே பெற்றோர்களை வைத்துக்கொண்டு குலுக்கல் நடத்தினார்கள்.

பள்ளி கிளார்க், பிள்ளைகளின் பெயரெழுதி மடித்த சீட்டுகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கப் போனார். அஞ்சம்மாள் எழுந்துவிட்டாள். கடற்கரையில் மீனைக் கூறு வைத்துப் பங்கு போடும்போது, பங்காளிகள் ஆளுக்கொரு சிப்பியோ சில்லோ அடையாளமாகக் கொடுப்பார்கள். எல்லாவற்றையும் மணலில் பரப்பி, அவரவர் அடையாளத்தை அவரவர் பார்த்த பிறகுதான் ஒருவர் அவற்றைக் குலுக்கி, பார்க்காமல் கூறுகளின் மேல் போடுவார்; யார் அடையாளம் எதன்மேல் விழுகிறதோ, அந்தக் கூறு அவருக்கு. இல்லாவிட்டால் அடிதடிதான்.

"சார், மொதல்ல சீட்டெல்லாம் பிரிச்சி மேசையில போடுங்க. அவங்கவங்க புள்ள பேர அவங்கவங்க பாத்துக்கறோம்."

கிளார்க் கடுகடுத்தார். தலைமை ஆசிரியை சரி என்றார். பூஜாவின் பெயர் இருந்தது. நாலு வீட்டில் வேலை செய்யும் மாலதி மட்டும் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து, கண் கலங்கி ஒதுங்கினாள். அவள் மகள் வினோதினியின் சீட்டைக் காணோம். அதற்கும் அஞ்சம்மாள்தான் சத்தம் போட்டாள். தேடியதில், மாலதியின் விண்ணப்பம் இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. புதுச்சீட்டு எழுதிப் போட்டார்கள்.

கடைசி இடத்துக்கு வந்த பெயர் வினோதினி. பூஜாவின் பெயர் வரவே இல்லை.

கரையில் குலுக்கினால் ஆளுக்கொரு கூறு நிச்சயம். எந்தக் கூறு என்பதுதான் கேள்வி. இங்கே பாதிப்பேர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெறுங்கையோடு போகிறார்கள். இது என்ன பங்கு என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள் அஞ்சம்மாள்.

"நீ சும்மா இருந்திருந்தா அந்த எடம் நம்ம புள்ளைக்கி வந்திருக்கும்" என்றான் சக்கரபாணி.

"வந்திருக்கும்யா. அத நம்ம எடம்னு எந்த வாயால சொல்லுவ?"

சொல்லிவிட்டு, பூஜாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். மறுநாளே அரசுப் பள்ளியில் சேர்த்தாள்.

இப்போதும் அந்தத் தனியார் பள்ளி வாசலைத் தாண்டும்போது அவளுக்கு வலிக்கத்தான் செய்கிறது. உள்ளேயிருந்து வினோதினி கையாட்டினால், தலைக்கூடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பதிலுக்கு ஆட்டிவிட்டுத்தான் போகிறாள்.