வெள்ளைத் தூணில் வைத்த பொட்டு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை எழுதுவதற்கு எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது. இன்றும் அலுவலகத்தில் யாராவது ஒரு கோப்பைத் தரையில் போட்டால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறேன்.

அவளுக்கு இருபத்தாறு வயது. புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை. வீட்டுக்கு வந்தால் அமெச்சூர் வானொலி. பரீட்சை எழுதி லைசென்ஸ் எடுத்திருக்கிறாள். பாச்சாங்கில் எங்கள் வரிசை வீட்டின் பின்னறையில் உட்கார்ந்துகொண்டு, முகம் தெரியாத தேசத்துக்காரர்களிடம் மழை பெய்கிறதா என்று கேட்பாள். பக்கத்து வீட்டில் மழை பெய்தால் அவளுக்குத் தெரியாது.

இந்த வருடம் அவள் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரை வாங்கினாள். காலமான ஒரு சீனப் பெரியவர் வைத்திருந்தது. வானொலியிலிருந்து வரும் சிக்னலைப் பல மடங்கு வலுவாக்கி ஆன்டெனாவுக்கு அனுப்புகிற இரும்புப் பெட்டி. உள்ளே ஊறுகாய் பாட்டில் அளவுக்கு இரண்டு கண்ணாடி வால்வுகள். அப்பாவும் மகளுமாகத் தூக்கி வந்து மேசையில் வைத்தபோது மேசை ஒரு முறை முனகியது.

"இதுக்குள்ள எவ்வளவு கரண்டு ஓடும்?" என்று கேட்டேன்.

"ரெண்டாயிரத்து ஐந்நூறு வோல்ட் மா."

"நம்ம வீட்டு கரண்டு?"

"இருநூத்தி நாப்பது. இது உள்ளுக்குள்ளயே ஏத்திக்கும்."

"அப்ப பத்து மடங்கா?"

"கணக்கெல்லாம் கரெக்டா போடுறீங்க. தொட மட்டும் தொடாதீங்க லா."

மாதக்கணக்கில் அதைப் பழுதுபார்த்தாள். காய்ந்துபோன கெப்பாசிட்டர்களை மாற்றினாள், சூட்டைத் தணிக்கிற காற்றாடியை மாற்றினாள். கெப்பாசிட்டர் என்பது பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். அதனால் ஒவ்வொரு முறை கை வைப்பதற்கு முன்பும், பிவிசி குழாயின் நுனியில் கொக்கி கட்டிய ஒரு தடியால் உள்ளே தொட்டு அதைத் தரைக்கு இறக்கிவிடுவாள். அவ்வளவு கவனமானவள். என்றாலும் நான் கதவருகே நின்றுகொண்டே இருப்பேன். "காவல் தெய்வம் வந்தாச்சு" என்பாள்.

ஆயுத பூஜை அன்று அவள் வேலைக்குப் போயிருந்தாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தேன். கார், தையல் மிஷின், மடிக்கணினி, அவள் அப்பாவின் ஸ்பானர் பெட்டி, எல்லாவற்றுக்கும் பன்னீரில் குழைத்த சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பின்னறையில் பெட்டி மூடியில்லாமல் இருந்தது. பிளக் பிடுங்கித்தான் கிடந்தது, இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். முகப்பில் ஒரு பொட்டு வைத்தேன். பிறகு பின்பக்கமாக எட்டிப் பார்த்தபோது, உள்ளே சுருள் கம்பிக்குப் பின்னால் பீங்கானில் ஒரு வெள்ளைத் தூண் தெரிந்தது. விரல் நீளம், வழவழவென்று, நெற்றி மாதிரி. இவ்வளவு ஆபத்தான பொருளுக்கு வெளியே மட்டும் பொட்டு வைத்தால் போதாது என்று பட்டது. இரண்டு விரலை உள்ளே விட்டு மேலிருந்து கீழாகச் சந்தனத்தை இழுத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன். என் மகளைப் பார்த்துக்கொள் என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

மாலையில் வந்தவள் முகப்புப் பொட்டைப் பார்த்துச் சிரித்தாள். துடைக்கவில்லை. உள்ளே இருந்ததை நான் சொல்லவில்லை, அவளும் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் மூடியை மாட்டி முதல் முறையாகப் போட்டாள். காற்றாடி சுற்றியது. பிறகு தகரக் கூரையில் தேங்காய் விழுந்தது போல ஒரு சத்தம். வீடு முழுக்க விளக்கு அணைந்தது. நான் கத்திக்கொண்டு ஓடினேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து தலையைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

"ஒன்னும் இல்ல மா. எங்கயோ பொறி பறக்குது. மூடி இருக்குல்ல, எனக்கு என்ன ஆகப் போகுது?"

பியூஸை மாற்றினாள், வால்வை மாற்றிப் பார்த்தாள், புதிதாகப் போட்ட கெப்பாசிட்டரைச் சந்தேகப்பட்டாள். மறுபடியும் தேங்காய் விழுந்தது. வியாழக்கிழமை சாப்பிடும்போது, உதிரி டப்பாவிலிருந்து எடுத்த ஒரு வெள்ளைத் தூணை உருட்டிக்கொண்டே சொன்னாள்: "அவ்வளவு வோல்ட்டும் இந்த மாதிரி ஒன்னு மேலதான் நிக்குது. இதுல கொஞ்சம் அழுக்கு, கொஞ்சம் ஈரம் இருந்தாப் போதும், அது வழியா கீழ ஓடிரும். ஆனா நான்தான் எல்லாத்தையும் துடைச்சேனே."

நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

வழக்கறிஞர் அலுவலகத்தில் இருபத்தைந்து வருடமாகச் சத்தியப் பிரமாணப் பத்திரங்களைத் தட்டச்சு செய்கிறவள் நான். மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. வெட்கம் ஒரு காரணம். தொடாதே என்று சொன்னதைத் தொட்டிருக்கிறேன். ஆனால் பெரிய காரணம் அதுவல்ல. அந்தப் பெட்டி கெட்டே கிடக்கட்டும் என்று நினைத்தேன். அலுத்துப்போய் விற்றுவிடுவாள், நானும் நிம்மதியாகத் தூங்குவேன் என்று கணக்குப் போட்டேன். என் மௌனம் அவளைக் காப்பாற்றுவதாகவே நம்பினேன்.

ஞாயிறு மதியம் அவள் அப்பா சுங்கை ஊடாங்கில் ஆலை ஷிஃப்டில் இருந்தார். நான் தேநீரை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன். திரைச்சீலையை இழுத்து அறையை இருட்டாக்கியிருந்தாள். பெட்டியின் மூடி கழற்றியிருந்தது. மூடியைத் திறந்தால் மின்சாரம் தானாக நின்றுவிட அதில் ஒரு சிறிய சுவிட்ச் உண்டு. அந்தச் சுவிட்சை ஓர் ஐஸ்கிரீம் குச்சியால் அழுத்தி டேப் ஒட்டியிருந்தாள்.

"என்ன பண்ற?"

"திறந்து வச்சே போடப் போறேன். இருட்டுல எந்த இடத்துல பொறி பறக்குதுன்னு கண்ணால பார்த்துட்டா முடிஞ்சிச்சு. ஒரு செகண்ட்தான் மா. நீங்க வெளிய போங்க."

பிளக் சுவரில் மாட்டியிருந்தது. அவள் கை பெட்டியின் சுவிட்சுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"நான் பொட்டு வச்சேன்" என்றேன்.

"முன்னாடிதானே? பார்த்தேன்."

"உள்ள. வெள்ளைத் தூணுல. பின்னாடி இருக்கறதுல."

கை நின்றது. எழுந்து முதலில் பிளக்கைப் பிடுங்கினாள். பிறகு தடியை எடுத்து உள்ளே தொட்டாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள். பல் வைத்தியர்கள் வைத்திருப்பது போன்ற சிறிய கண்ணாடியைச் சுருளுக்குப் பின்னால் நுழைத்து, டார்ச் அடித்து, வெகுநேரம் பார்த்தாள். என்னையும் பார்க்கச் சொன்னாள். நான் இழுத்த சந்தனக் கோடு இருந்த இடத்தில், தூணின் மேலிருந்து அடிவரை கறுப்பாக ஒரு கோடு, மரவட்டை ஊர்ந்த தடம் போல.

"அலாமாக்" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். "பொட்டு வச்சீங்க, ஒரு முழம் பூவும் வச்சிருக்கலாம்ல?"

"வச்சுப் பார்த்தேன். நிக்கல."

அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேநீர்க் கோப்பை இன்னும் என் கையில்தான் இருந்தது. அவள்தான் வாங்கிக் கீழே வைத்தாள்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"வியாழக்கிழமை."

சிரிப்பு நின்றது. "மூனு நாளா மா?"

"இது கெட்டுப் போகட்டும்னு நினைச்சேன்."

கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். குச்சியைப் பிய்த்து எடுத்தாள். "நானும் உங்ககிட்ட சொல்லாமதான் இதை ஒட்டுனேன்" என்றாள். "சொன்னா விடமாட்டீங்கன்னு தெரியும். செய்யக்கூடாததுதான் இது. வேலை எடத்துல யாராவது செஞ்சா நானே ஏசுவேன்."

தூணைக் கழற்றி உதிரி டப்பாவிலிருந்த தூணைப் போட்டாள். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் சுற்றிலும் துடைத்தாள். மூடியை வைத்து ஒவ்வொரு திருகாணியையும் முடுக்கினாள். நான் எண்ணினேன், பதினான்கு. திரைச்சீலையை விலக்கிவிட்டு, என்னைச் சுவர் சுவிட்ச் பக்கத்தில் நிற்கச் சொன்னாள். "சத்தம் கேட்டா அணைச்சிடுங்க. கத்தக் கூடாது."

காற்றாடி சுற்றியது. வால்வு சூடாக மூன்று நிமிடம் காத்திருந்தாள். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது, என் கை பதறிச் சுவிட்சைத் தட்டிவிட்டது. மறுபடியும் மூன்று நிமிடம். முகப்பில் மீட்டர் முள் மெல்ல எழுந்து அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் நின்றது. தேங்காய் விழவில்லை. மைக்கை எடுத்து அழைத்தாள். நான்காவது முறையில் இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் பதில் சொன்னது. ஜப்பான்காரராம், தெளிவாகக் கேட்கிறதாம்.

அவள் பேசி முடிக்கும்வரை காத்திருந்து கேட்டேன்: "திறந்து வச்சுப் போட்டிருந்தா நீ எங்க நின்னிருப்ப?"

அவள் காட்ட விரும்பவில்லை. நான் விடவில்லை. பெட்டியின் பின்பக்கம் வந்து, குனிந்து, சுருளுக்கு நேராக முகத்தை வைத்துக் காட்டினாள். இடது கை விளிம்பைப் பிடித்திருந்தது, வலது கை முன்னால் சுவிட்சுக்கு நீண்டிருந்தது.

நான் அவள் கட்டிலில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது, அடக்கவில்லை.

"ஏன் மா அழுவுறீங்க? அதான் வேலை செய்யுதே."

"செய்யட்டும்" என்றேன். "நீ இந்தப் பக்கம் வந்து உட்காரு."

வந்து உட்கார்ந்தாள். ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, சர்க்கரை போடவில்லை என்று குறை சொன்னாள்.